கருவில் பட்ட காயம், கண்டுகொள்ளாத நீதிமன்றம்

குற்றவியல் நீதி என்னும் ஏற்பாடு முழுவதும், தன் முன் நிறுத்தப்படும் மனிதரைப் பற்றிய சில அனுமானங்களின் மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. நடந்ததை அவர் நினைவில் வைத்திருப்பார். கேட்கப்படும் கேள்வியின் உட்பொருளைப் புரிந்துகொள்வார். செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்லமாட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டால் போய்ப் பார்ப்பார். ஒருமுறை தண்டனை பெற்றால் அடுத்த முறை அதை நினைத்து அஞ்சுவார். இந்த அனுமானங்கள் ஒவ்வொன்றும் பொய்த்துப்போகிற மனிதர்கள், பார்வைக்கும் பேச்சுக்கும் எல்லோரையும் போலவே இருந்துகொண்டு, கைதிக் கூண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். தாயின் வயிற்றில் இருந்த காலத்தில் மதுவால் மூளை பாதிக்கப்பட்டு, அந்தப் பாதிப்பை வாழ்நாள் முழுதும் சுமப்பவர்கள் அவர்கள்.

சட்டம் மனநோயாளியை அறியும்; சிறுவரை அறியும்; அறிவுத்திறன் மிகக் குறைந்தவரையும் பல நாடுகளில் ஓரளவு அறிந்துவைத்திருக்கிறது. இந்த மூன்று வாசல்களிலும் நுழைய முடியாமல், நலமுள்ளவர் என்றே கணக்கில் சேர்க்கப்பட்டு, நலமுள்ளவருக்கு உரிய அளவுகோலால் அளக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் சிறைக்குத் திரும்புகிறவர்கள் இவர்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நீதிமன்றங்களில் கடந்த முப்பது ஆண்டுகளாக இவர்களைப் பற்றி நடந்துவரும் விவாதத்தில், மருத்துவத்துக்கு உள்ள பங்கைவிட, ஒருவருடைய பொறுப்பை நீதிமன்றம் எதைக் கொண்டு அளக்கிறது என்ற கேள்விக்கே பங்கு அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு

1968-இல் பிரான்சின் நாந்த் நகரக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான், மதுப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் ஒரே வகையான குறைகள் காணப்படுவதைப் பதிவுசெய்தார். பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்தக் கட்டுரையை வெளியுலகம் ஏறத்தாழக் கவனிக்கவே இல்லை. 1973-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அதே அடையாளங்களை விவரித்து ஒரு பெயரும் சூட்டிய பிறகே மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. அவர்கள் விவரித்தது பாதிப்பின் மிகக் கடுமையான வடிவத்தை மட்டுமே என்பதும், அதைச் சுற்றிப் பல படிநிலைகளில் விரிந்த ஒரு பெரிய தொகுதி உண்டு என்பதும் பின்னர் தெளிவாயின. அந்தத் தொகுதி முழுவதையும் குறிக்க ‘ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்’, சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி., என்னும் பெயர் இன்று வழங்குகிறது. கருநிலை மதுப் பாதிப்பு என்று தமிழில் சொல்லலாம்.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து சிசுவின் இரத்தத்தை அடைகிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் சிசுவின் முதிராத கல்லீரலுக்கு இல்லாததால், உருவாகிக்கொண்டிருக்கும் நரம்பு உயிரணுக்கள் அழிந்துபோகின்றன, அல்லது சென்று சேரவேண்டிய இடத்தைச் சேராமல் நின்றுவிடுகின்றன. திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்மூளை, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் ஆகியவை இதில் அதிகம் அடிபடுகின்றன. குறுகிய கண்ணிமைப் பிளவு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல், மெலிந்த மேலுதடு ஆகிய மூன்று முக அடையாளங்கள், முகம் உருவாகும் ஆரம்ப வாரங்களில் மது சேர்ந்தால் மட்டுமே தோன்றக்கூடியவை. மூளையோ கர்ப்ப காலம் முழுவதும் வளர்கிறது. ஆகவே, பாதிக்கப்பட்டோரில் பத்தில் ஒருவருக்குக்கூட முகத்தில் அடையாளம் இருப்பதில்லை.

நீதிமன்றத்தை ஏமாற்றுவது இந்த முகம் மட்டுமல்ல, பேச்சும்தான். இவர்களில் பலர் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பேசும் அளவுக்குப் புரிந்துகொள்ளமாட்டார்கள். ‘புரிகிறதா?’ என்று நீதிபதி கேட்டால் ‘புரிகிறது’ என்று தலையாட்டுவார்கள். சிறுவயது முதல் திட்டு வாங்காமல் தப்பிக்க அவர்கள் கற்றுக்கொண்ட ஒரே உத்தி அதுதான். கனடாவின் 2016-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, நினைவு, கவனம், மொழி, செயலாட்சித் திறன் எனப் பத்துப் புலங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் குறைந்தது மூன்றிலாவது கடுமையான பாதிப்பு இருந்தால்தான் இந்த நோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. செயலாட்சித் திறன் என்பது, ஒரு காரியத்தைத் தொடங்கவும், இடையில் நிறுத்தவும், விளைவை முன்கூட்டி எண்ணிப்பார்க்கவும் மூளைக்கு உள்ள ஆற்றல். குற்றவியல் சட்டம் ‘உள்நோக்கம்’ என்று எதைத் தேடுகிறதோ, அதன் இருப்பிடமும் இதுவே.

■ பெட்டி: எண்கள்

உலக அளவில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் இந்தப் பாதிப்புடன் இருப்பதாக 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. நாடுகளில் தென்னாப்பிரிக்காவின் விகிதமே மிக அதிகம்: 1,000-க்கு 111. திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்துவந்த ‘டாப்’ முறையின் எச்சம் அது.

அமெரிக்காவில் நான்கு ஊர்களின் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 1.1 முதல் 5 விழுக்காடு வரை கண்டறியப்பட்டது.

சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் குழுவினர் 415 பேரிடம் நடத்திய ஆய்வில், வளரிளம் பருவத்தினரிலும் பெரியவர்களிலும் 60 விழுக்காட்டினர் ஏதோவொரு கட்டத்தில் சட்டத்திடம் சிக்கியிருந்தார்கள்.

கனடாவில் இந்தப் பாதிப்புள்ள இளையோர் சிறையில் இருக்கும் வாய்ப்பு, மற்ற இளையோரைவிட 19 மடங்கு அதிகம் என்று 2011-இல் கணக்கிடப்பட்டது.

செய்யாததை ஒப்புக்கொண்டவர்

இந்தப் பாதிப்பும் காவல் விசாரணையும் சந்தித்தால் என்ன நேரும் என்பதற்கு, நியூசிலாந்தின் தெய்னா போரா வழக்கைவிடத் தெளிவான சான்று எந்த நாட்டின் சட்ட அறிக்கைகளிலும் கிடைப்பது அரிது. 1992 மார்ச்சில் தெற்கு ஆக்லாந்தில் ஒரு பெண் தன் வீட்டிலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஓராண்டுக்குப் பின், கார் திருட்டு தொடர்பான வழக்குக்காகப் பிடிபட்ட 17 வயது போரா, அந்தக் கொலையைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று காவலரிடம் தானாகவே பேச்செடுத்தார். அதன்பின் நான்கு நாட்கள், பெரும்பகுதி ஒளிப்பதிவுக் கருவியின் முன்னிலையில், வழக்கறிஞர் யாரும் உடனில்லாமல், அவர் விசாரிக்கப்பட்டார். துப்புக் கொடுப்போருக்கு 20,000 டாலர் பரிசு உண்டு என்ற செய்தியும் அவர் காதில் விழுந்திருந்தது. முதலில் ஒரு குண்டர் குழுவினரைக் காரில் கொண்டுபோய் விட்டதாகச் சொன்னார். பிறகு வெளியே காவல் நின்றதாகச் சொன்னார். இறுதியில், உள்ளே சென்று அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

அவரைச் சம்பவம் நடந்த தெருவுக்கே அழைத்துச் சென்றபோது, வீடு எது என்று அவரால் காட்ட முடியவில்லை. காவலர்தான் கடைசியில் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. கொல்லப்பட்டவரின் தோற்றத்தையும் அவர் தவறாகவே விவரித்தார். அவரைக் குற்றத்தோடு இணைக்கும் தடயம் ஒன்றுகூட இல்லை. உடலில் கிடைத்த மரபணு அவருடையதன்று. இருந்தும் 1994-இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். 1996-இல் அந்த மரபணு மால்கம் ரீவா என்ற, பல பெண்களைத் தனியாகவே தாக்கிய தொடர் பாலியல் குற்றவாளியுடையது எனத் தெரிந்தது. 1998-இல் இதே பெண்ணின் மீதான பாலியல் வன்முறைக்காக ரீவா தண்டிக்கப்பட்டார். அதன் விளைவாகப் போராவின் தண்டனை ரத்தாகி, 2000-இல் மறுவிசாரணை நடந்தது. அப்போது அரசுத் தரப்பு, இருவரும் சேர்ந்தே செய்தார்கள் என்று கதையை மாற்றிக்கொண்டது. ரீவாவும் போராவும் ஒன்றுக்கொன்று ஆகாத குழுக்களைச் சார்ந்தவர்கள் என்பதையும் மீறி, ஜூரிகள் மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள். ‘செய்யாதவன் எதற்காகச் செய்தேன் என்று சொல்லப்போகிறான்?’ என்ற பொது அறிவுக் கேள்விக்கு இரண்டு ஜூரிக் குழுக்களிடமும் விடை இருக்கவில்லை.

விடை நரம்பியல் உளவியலாளர் வேலரி மெக்கின்னிடமிருந்து வந்தது. முன்னாள் காவலரும் தனியார் துப்பறிவாளருமான டிம் மெக்கின்னல் இந்த வழக்கைத் தோண்டத் தொடங்கிய பிறகு நடந்த பரிசோதனைகளில், போராவுக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருப்பது கண்டறியப்பட்டது. இந்தப் பாதிப்புள்ளோர் நினைவில் உள்ள ஓட்டைகளைத் தம்மை அறியாமலே கற்பனையால் நிரப்பிக்கொள்வார்கள். மருத்துவம் இதைப் பொய்யிலிருந்து வேறுபடுத்துகிறது: பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும், இட்டு நிரப்புபவருக்குத் தெரியாது. இதோடு, அதிகாரமுள்ளவர் எதிர்பார்க்கும் விடையை ஊகித்து அதன் பக்கம் சாய்கிற இணக்கமும், பரிசைப் பார்க்கும் கண்ணுக்கு விளைவு தெரியாமற் போகிற குறையும் சேர்ந்துகொண்டன.

2015 மார்ச் 3-ஆம் தேதி, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் போராவின் தண்டனையை ரத்து செய்தது. (இந்தியா 1949-இலேயே கைகழுவிய அந்த மன்றத்துக்கு நியூசிலாந்தின் பழைய வழக்குகள் மட்டும் அண்மைக் காலம் வரை சென்றுகொண்டிருந்தன.) முன்னுக்குப் பின் முரணான, நம்பவே முடியாத அந்த வாக்குமூலங்களையும் புதிதாகத் தெரியவந்த மூளைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றை நம்பித் தண்டிப்பது நீதி பிறழ இடங்கொடுக்கும் என்பதே தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பு நிபுணர்களுக்கும் ஒரு வரம்பைக் கட்டியது: மூளை எப்படி இயங்குகிறது என்று சொல்வது நிபுணரின் வேலை, வாக்குமூலத்தை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. 2014-இல் பரோலில் வெளிவருவதற்குள் போரா இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். 2016-இல் அரசு அவரிடம் மன்னிப்புக் கேட்டு, 25 லட்சம் நியூசிலாந்து டாலர் இழப்பீடு அறிவித்தது. கொலைக்காக ரீவா தண்டிக்கப்பட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை மெய்ப்பிக்கும் சான்றாக ஏற்கக் கூடாது என்னும் விதி, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே இந்தியாவில் உண்டு. காவலரின் லத்தியை நினைத்து எழுதப்பட்ட விதி அது. போராவின் விசாரணையில் லத்திக்கு வேலையே இருக்கவில்லை. கேள்விகளே போதுமானவையாக இருந்தன என்பதுதான் இந்த வழக்கு கற்றுக்கொடுத்த புதிய பாடம்.

99 சிறுவர்கள்

போராவின் வழக்கு ஒரு மனிதரைப் பற்றியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்க்சியா ஹில் தடுப்பு மையத்தில் நடந்த ஆய்வு ஓர் அமைப்பைப் பற்றியது. பெர்த் நகரில் உள்ள அந்த மையத்தில் 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் அடைத்துவைக்கப்படுகிறார்கள். டெலிதான் கிட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கேரல் பவர் தலைமையிலான குழு, அவர்களில் 99 பேரை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயக்கப் பயிற்சியாளர் எனப் பல துறையினர் சேர்ந்து முழுமையாகப் பரிசோதிக்கும்படி ஏற்பாடு செய்தது. 2018-இல் வெளியான முடிவில், 36 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருப்பது தெரிந்தது, மொத்தமாகப் பார்த்தால் 89 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மூளைச் செயற்பாட்டிலாவது கடுமையான குறை இருந்தது.

இந்த எண்களைவிடக் கனமான எண் ஒன்று அதே ஆய்வில் உண்டு. அந்த 36 பேரில், ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டிருந்தவர்கள் இருவர் மட்டுமே. தடுப்பு மையத்துக்கு வரும்வரை அந்தப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தவர்கள் அல்லர். பள்ளி, காவல் நிலையம், சிறார் நீதிமன்றம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்திருக்கிறார், கோப்பில் எழுதியிருக்கிறார், ‘அடங்காதவன்’, ‘சோம்பேறி’, ‘பொய்யன்’ என்ற வகையில் ஒரு முத்திரையும் குத்தியிருக்கிறார். மூளையைப் பரிசோதிக்கலாம் என்று மட்டும் 34 பேர் விஷயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆய்வில் பங்கேற்றோரில் 74 விழுக்காட்டினர் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள். இந்த எண்ணை வைத்து இதைப் பூர்வகுடிகளின் நோய் என்று எண்ணுவது மேம்போக்கான வாசிப்பு. மது எல்லா வகுப்பு வீடுகளிலும் அருந்தப்படுகிறது. சிறைக்குப் போவதுதான் எல்லா வகுப்புக்கும் ஒன்றுபோல் நேர்வதில்லை. வசதியுள்ள வீட்டில் இதே பாதிப்போடு வளரும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சியாளரும் வழக்கறிஞரும் கிடைப்பார்கள். மேலும், இந்தச் சிக்கலை நாட்டுக்கு உரக்கச் சொன்னவர்களே பூர்வகுடிப் பெண்கள்தான். கிம்பர்லி பகுதியின் ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரில், ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் ஆகியோர் முன்னின்று 2007-இல் கடும் மதுவிற்பனைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரச் செய்தார்கள். தங்கள் பிள்ளைகளின் நிலையை ஆராயும்படி ஆய்வாளர்களை அழைத்தவர்களும் அவர்களே. அந்த ஆய்வில் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பாதிப்பு இருப்பது தெரிந்தது. அவமானம் என்று மறைத்துவைக்காமல் அதை வெளியிட அனுமதித்த துணிவு, பல அரசுகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பழைய சட்டத்தில் இன்னொரு வலையும் இருந்தது. மூளைப் பாதிப்பால் வழக்கை எதிர்கொள்ளத் தகுதியற்றவர் என்று ஒருவரை நீதிமன்றம் அறிவித்தால், அவரை விட்டுவிடலாம், அல்லது கால வரம்பே இல்லாமல் காவலில் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் வழி கிடையாது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் சில மாதங்களில் வெளிவந்திருக்கக்கூடியவர்கள், குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 1996-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நிறைவேறிய புதிய சட்டம், 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபிறகே கால வரம்பு பிறந்தது. இத்தகைய சட்டம் இருக்கும் இடத்தில், கட்சிக்காரரின் பாதிப்பை நீதிமன்றத்தில் சொல்ல வழக்கறிஞர்கள் தயங்குவது இயல்பு.

நிபந்தனைகளின் சுழல்

கொலையும் கொள்ளையும் செய்தித்தாளுக்கு வருகின்றன. இந்தப் பாதிப்புள்ள பெரும்பாலோரின் சிறைக் கணக்கு அதைவிட அற்பமான தவறுகளால் கூடுகிறது. கடைத் திருட்டுக்காகப் பிடிபட்ட இளைஞர் ஒருவருக்கு ஜாமீன் கிடைக்கிறது எனக் கொள்வோம். இரவு ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், குறிப்பிட்ட நண்பர்களைச் சந்திக்கக் கூடாது, குறிப்பிட்ட கடைப்பக்கம் போகக் கூடாது, வாரம் இருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும், மூன்று வாரம் கழித்து நீதிமன்றம் வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். மணி பார்க்கத் தெரிந்தாலும் நேரம் ஓடுவதை உணர இயலாதவருக்கு ஏழு மணி என்பது ஓர் ஓசை மட்டுமே. ஒரு சூழலில் கற்ற விதியை இன்னொரு சூழலுக்குப் பொருத்திப் பார்ப்பது இந்தப் பாதிப்பில் மிகக் கடினமான செயல். இந்தக் கடைக்குப் போகாதே என்றால், அடுத்த தெருக் கடையில் திருடக் கூடாது என்பது அதனுள் அடக்கம் என்று அவருக்குப் படாமற் போகலாம். ஐந்து நிபந்தனைகளில் இரண்டை மறப்பார். மறந்தது தனிக் குற்றமாகும். அந்தக் குற்றத்துக்கு இன்னும் கடுமையான நிபந்தனைகள் விதிக்கப்படும். முதலில் செய்த திருட்டு மறந்துபோன பிறகும், நிபந்தனை மீறல்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகும். அடுத்த நீதிபதி அந்தப் பட்டியலைப் பார்த்து, நீதிமன்றத்தை மதிக்காத ஆள் என்று முடிவுகட்டுவார்.

தீர்ப்பு நாளன்றும் இதே கதைதான். வருத்தம் தெரிவிப்பவருக்கு நீதிமன்றம் இரங்குவது வழக்கம். பதற்றத்தில் சிரித்துவிடுகிற, பாதிக்கப்பட்டவர் பேசும்போது எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற, ஏன் செய்தாய் என்றால் ‘தெரியாது’ என்று உண்மையைச் சொல்கிற ஒருவர், கல்நெஞ்சர் என்று பெயர் வாங்குகிறார். சிறைக்குள் போனால், பிறரைச் சட்டென்று நம்புகிற அதே இயல்பு அவரை மற்றக் கைதிகளின் கையாளாகவோ இரையாகவோ ஆக்குகிறது. பரோல் வாரியம் கேட்கும் நல்லொழுக்கப் பயிற்சிகள் எல்லாம் பேசிப் புரியவைக்கும் வகுப்புகளாக இருப்பதால், அவற்றிலும் அவர் தேறுவதில்லை.

குறைக்கும் காரணியா, கூட்டும் காரணியா

பாதிப்பு கண்டறியப்பட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. மூளையில் நிரந்தரக் குறை உள்ளவரின் பொறுப்பு குறைவு என்று வாதிடும் அதே சான்றைக் காட்டி, குறை நிரந்தரமானால் ஆபத்தும் நிரந்தரம்தானே, நீண்ட காலம் உள்ளேயே வைக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிட முடியும். இருபுறமும் கூரான இந்தச் சான்றை நீதிமன்றங்கள் எப்படிப் பிடிக்கின்றன என்பது, நீதிபதியைப் பொறுத்தும் மாநிலத்தைப் பொறுத்தும் மாறுகிறது.

அமெரிக்காவில் இது உயிர்ப் பிரச்சினை. அறிவுத்திறன் குறைந்தோருக்கு மரண தண்டனை கூடாது என்று 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அட்கின்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தடையின் வாசலில் காவல் நிற்பது அறிவுத்திறன் ஈவு, அதாவது ஐ.க்யூ.; வழக்கமான எல்லை 70 அல்லது அதை ஒட்டி. சியாட்டில் ஆய்வில், அந்த எல்லைக்குக் கீழே வந்தவர்கள் 16 விழுக்காடு அளவினரே. சோதனைத்தாளில் 85 வாங்கி, அன்றாட வாழ்வில் எட்டு வயதுப் பிள்ளையின் நிலையில் திண்டாடுகிற ஒருவருக்கு அட்கின்ஸ் தீர்ப்பு எட்டாக்கனி.

அதனால் இவர்களுக்கு எஞ்சியிருப்பது, தண்டனையைக் குறைக்கும் காரணியாக இந்தப் பாதிப்பை முன்வைப்பது மட்டுமே. அதற்கு வழக்கறிஞர் முதலில் அதைத் தேட வேண்டும். பென்சில்வேனியாவில் மரண தண்டனை பெற்ற ரொனால்ட் ராம்ப்பில்லாவின் வழக்கறிஞர்கள், அரசுத் தரப்பு பயன்படுத்தப்போவதாக முன்பே அறிவித்திருந்த பழைய வழக்குக் கோப்பைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவருடைய இளமையும் மனநிலையும் பற்றிய குறிப்புகளைத் தொடர்ந்து சென்று, கருநிலை மதுப் பாதிப்பு வரை போயிருக்கலாம். 2005-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அந்த அலட்சியத்தையே காரணமாக்கி மரண தண்டனையை நீக்கியது. 2012-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், இந்தப் பாதிப்பை அடையாளம் காணப் பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் 2023 பிப்ரவரியில் ஃப்ளோரிடா, கருநிலை மதுப் பாதிப்பைக் காட்டி டொனால்ட் டில்பெக் செய்த கடைசி முறையீட்டை, காலம் கடந்து வந்தது என்று தள்ளி, தண்டனையை நிறைவேற்றியது. அறிவியல் முதிர எடுத்துக்கொண்ட காலத்தைக் கைதியின் தாமதமாகக் கணக்கிட்ட அந்த முடிவு, சட்டப்படி சரியாக இருக்கலாம், நியாயமாகத் தோன்றவில்லை.

■ பெட்டி: தாயைக் கூண்டில் ஏற்றலாமா?

இங்கிலாந்தில், பிறவியிலேயே பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்குக் குற்றத்தால் காயமுற்றோருக்கான இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரப்பட்டது. அது கிடைக்க வேண்டுமானால், தாய் குடித்தது குற்றம் என்று ஆக வேண்டும். 1861-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் ‘வேறொரு நபர்’ என்பதில் கருவிலுள்ள சிசு அடங்காது என்று 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறி, கோரிக்கையை மறுத்தது.

கனடாவின் உச்ச நீதிமன்றம், போதைக்கு அடிமையான கர்ப்பிணியைக் கட்டாயமாகச் சிகிச்சையில் அடைக்க முடியாது என்று 1997-இலேயே தீர்ப்பளித்திருந்தது.

பல கர்ப்பங்கள் திட்டமிடாமல் நிகழ்பவை. தான் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே ஒரு பெண் மது அருந்தியிருக்கக்கூடும். தண்டனை வரும் என்று தெரிந்தால், உதவி தேவைப்படும் தாயே முதலில் மருத்துவமனைப் படியேற அஞ்சுவார். எவ்வளவு குடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லவுமாட்டார். அந்தத் தகவல் இல்லாமல் பிள்ளையின் நோயை உறுதிசெய்வதும் கடினம். சியாட்டில் ஆய்வில் 80 விழுக்காட்டினர் பெற்ற தாயிடம் வளராதவர்கள் என்பதால், பலர் விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆளில்லை.

கனடாவில் நகர்ந்ததும் நகராததும்

இந்தத் துறையில் மற்றவர்களைவிட முன்னே நடந்த நாடு கனடா. மனிடோபா மாகாணத்தில் 2004 முதல், நீதிமன்றத்துக்கு வரும் இளையோரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையை நீதிபதியிடம் சேர்க்கும் திட்டம் இயங்கிவருகிறது. 2019-இல் வின்னிபெக் நகரில் இவர்களின் வழக்குகளுக்கென்றே தனி அமர்வு தொடங்கியது. கூட்டமும் இரைச்சலும் குறைந்த சிறிய அறை, எளிய சொற்களில் பேசும் நீதிபதி, நிபந்தனைகளை விளக்கும் படங்கள், கூடவே அமர்ந்திருக்கும் துணைப் பணியாளர் என்று அமைந்த அந்த அமர்வு, குற்றத்தை மன்னிக்கும் இடமன்று. தண்டனை அங்கேயும் உண்டு. தன்மீது என்ன உத்தரவு போடப்பட்டது என்பது தெரிந்துகொண்டே குற்றவாளி வெளியே போகிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து நடத்தப்பட்ட விடுதிப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2015-இல் தன் 34-ஆம் பரிந்துரையில், எஃப்.ஏ.எஸ்.டி. உள்ளவர்களைக் கண்டறிய நீதிமன்றங்களுக்கு வசதி வேண்டும், கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து அவர்களுக்கு விலக்கு வேண்டும், விடுதலைக்குப் பின் சமூகத்தில் வாழத் துணை வேண்டும் என்று கேட்டது. யூகான் பகுதி உறுப்பினர் லாரி பாக்னெல் இதற்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2016-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஒரு நோய்க்குத் தனிச் சட்டமா என்ற எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மூளையில் அடிபட்டவர், ஆட்டிசம் உள்ளவர் என்று வரிசை நீளும் என்பது உண்மையே. ஆனால் வரிசை நீளும் என்பது, முதலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது. பாக்னெலின் யூகான் பகுதியிலேயே, சீர்திருத்தத் துறையின் பொறுப்பில் இருந்த 80 பேரைப் பரிசோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 17.5 விழுக்காட்டினருக்கு இந்தப் பாதிப்பு உறுதியானது.

பாதிப்பு குணமாவதில்லை, ஆனால் அதன் பின்விளைவுகளைத் தடுக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. இளம் வயதிலேயே நோய் கண்டறியப்பட்டு, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள், சிறை, போதை, பள்ளியிலிருந்து விலகல் போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுகிறது என்று சியாட்டில் குழு 2004-இல் எழுதியது. தாய்மார்களை எச்சரிக்கும் வேலையும் மெல்ல நகர்கிறது. அமெரிக்காவில் 1989 முதல் மதுப் புட்டிகளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை உள்ளது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது கட்டாயமானது 2023 ஜூலை இறுதியில்தான்.

நீதிமன்றங்கள் செய்யக்கூடியவற்றில் பலவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. முதல் கைதின்போதே பிறப்பு வரலாற்றையும் பள்ளி வரலாற்றையும் கேட்பது, வழக்கறிஞரோ துணையாளரோ இல்லாமல் விசாரணையைத் தொடங்காமலிருப்பது, ஒரு கேள்வியில் ஒன்றை மட்டும் கேட்பது, ‘புரிந்ததா’ என்பதற்குப் பதிலாக ‘உன் வார்த்தையில் திருப்பிச் சொல்’ என்பது, நிபந்தனைகளை இரண்டு மூன்றாகக் குறைத்துத் தாளில் எழுதிக் கொடுப்பது, வாய்தா நாளன்று காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒருவரை ஒரு மாதம் சிறையில் வைத்துச் சோறு போடும் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று. பாங்க்சியா ஹில்லில் 36 பேரைக் கண்டுபிடித்த பரிசோதனை, அவர்கள் பள்ளியில் பின்தங்கத் தொடங்கிய ஆண்டிலேயே நடந்திருக்க வேண்டும்; அங்கே தவறியிருந்தால், முதல் கைதின்போதாவது நடந்திருக்க வேண்டும்.